வாளியில் வளரும் பயிருக்கு எவ்வளவு பசளை?

ஒருகொடவத்தையிலும் அதை அண்டிய கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பகுதிகளிலும் வாழ்கின்ற எமது இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பல, தோட்டம் செய்வதைத் தவிர வேறு தொழில் அறியாதவை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும், பின்னர் வன்னியிலிருந்தும் புறப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்குள்ளனர். பரப்புக் கணக்கில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர்களுக்கு இன்று இருப்பது ஓர் அறை, ஒரு குசினி, யன்னலோரம் ஒரு தட்டு, வாசலில் மூன்றடி. அந்த மூன்றடியிலும் வாளி வைத்து மிளகாய் நடுகிறார்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

முப்பது வருடம் தோட்டம் செய்தவரின் வாளியில் மிளகாய் மஞ்சளித்து நிற்க, மண்ணைத் தொட்டே அறியாத பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாளியில் அதே மிளகாய் காய்ப்பதை நாம் கண்டிருக்கிறோம். இதனால் மனமுடைந்து, வாளியைக் கவிழ்த்து வைத்து விடுபவர்களும் உண்டு. இதில் அவர்களது திறமைக்கு எந்தக் குறைவும் இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணும் கிணற்று நீரும் பழக்கிய கை அது. கொழும்பின் குழாய் நீரும் வாளிக்குள் அடைத்த தும்புத்தூளும் வேறு கணக்கிற் கட்டுப்பட்டவை. அந்த வேறுபாட்டை விளங்கிக் கொண்டால் மிகுதி எல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதான்.

ஒரு தேசிக்காய்க் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. மழைநீர் அந்தக் கல்லினூடாக இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டே போகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்ததும், சவர்க்காரம் நுரைக்க மறுத்ததும் அதனாலேதான். கொழும்புக்கு வரும் குழாய் நீரோ களனி கங்கையின் அம்பத்தலையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. ஈரவலயத்து மழைநீர், அதிற் கரைந்த சுண்ணாம்பு மிகக் குறைவு. இதனை மென்னீர் என்பர்.

ஒரு வாளி யாழ்ப்பாணக் கிணற்று நீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு புளிப்பின் பெரும் பகுதியை விழுங்கி விடும். அதே தேசிக்காயை ஒரு வாளி கொழும்புக் குழாய் நீரிற் பிழிந்தால் வேர் கருகும் அளவுக்கு நீர் புளித்து விடும். பிழிந்தது ஒன்றுதான், தாங்கிக் கொள்ளும் பலமே வேறு. மண்ணுக்கும் இவ்வாறே. செம்பாட்டுத் தறையில் நீங்கள் ஒரு கை கூடப் போட்டாலும், குறையப் போட்டாலும் அது அசையாது நின்றது. சுண்ணாம்பும் களியும் ஆழமும் சேர்ந்து எமது பிழைகளைப் பொறுத்துக் கொண்டன. பத்து லீற்றர் வாளிக்குள் இருக்கும் தும்புத்தூளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

புளிப்பையும் அதற்கு எதிரான காரத்தையும் அளப்பதற்குப் பயன்படும் எண்ணே பீ.எச். பெறுமானம். 1909இல் டென்மார்க்கில், ஒரு மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த சோரன்சென் என்ற இரசாயனவியலாளர் இதனை அறிமுகப்படுத்தினார். 7 நடுநிலை. அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். ஒரு படி இறங்கினால் புளிப்புப் பத்து மடங்கு கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 6க்கும் 5க்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதெனத் தோன்றும். பயிரின் வேருக்கு அது பத்து மடங்கு. தும்புத்தூளில் வளரும் மரக்கறிக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. சாதாரண மண்ணில் 6 முதல் 7 வரை.

பீ.எச். ஏன் முக்கியம்? பசளை வாளியில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காமற் போவது இதனாலேதான். காரம் கூடினால் இரும்பும் மங்கனீசும் நாகமும் கரையாத உருவத்துக்கு மாறி விடுகின்றன. ஊரில் சில இடங்களில் பயிரின் குருத்திலைகள் வெளிறி, நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றதைப் பார்த்திருப்பீர்கள். செம்மண்ணுக்குச் சிவப்பு நிறம் தருவதே இரும்புதான். இருந்தும் சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அது வேருக்கு எட்டவில்லை. மறுபுறம், புளிப்பு மிஞ்சினால் கல்சியமும் மகனீசியமும் கழுவுண்டு போகும், வேர் நுனி கருகும்.

பிடியா, சிட்டிகையா?

எமது தோட்டக்காரர்களின் வாளிப்பயிர் சாவதற்கு முதற் காரணம் பசளைக் குறைவு அல்ல, மிகுதி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பரப்பு என்பது ஏக்கரில் 16இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 250 சதுர மீற்றர். ஒரு தடவைக்குப் பரப்புக்கு இரண்டரைக் கிலோ யூரியா போட்டீர்கள் என்று வைத்துக் கொண்டால், சதுர மீற்றருக்கு 10 கிராம். பத்து லீற்றர் வாளியின் வாய் 27 சென்ரிமீற்றர் அகலம். இப்படி 17 வாளிகள் சேர்ந்தாற்றான் ஒரு சதுர மீற்றர் வரும். ஆகவே ஒரு வாளிக்குரிய பங்கு அரைக் கிராமுக்குச் சற்று மேல். பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துக் கிள்ளும் ஒரு சிட்டிகை. ஒரு பிடியோ ஐம்பது கிராமைத் தாண்டும். ஒரு பிடி போட்டவர் தொண்ணூறு தடவைக்குரியதை ஒரே நாளிற் போட்டிருக்கிறார்.

ஊரில் மிஞ்சியது நிலத்தடியே இறங்கியது. அதற்கும் ஒரு விலை இருந்தது: குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்து நிற்பது நெடுங்காலமாக அறியப்பட்ட சங்கதி. வாளியில் மிஞ்சியதற்குப் போக இடமில்லை. உப்பாகத் தங்கி, வேரிலிருந்து நீரை வெளியே இழுக்கும். இலை நுனி கருகும், வாளியின் விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். தண்ணீர் விட்ட பின்பும் பயிர் வாடி நிற்கும். அதைப் பார்த்து "பசளை காணாது" என்று இன்னும் ஒரு கை போடுவதே பெரும்பாலும் நடப்பது.

வெளிச்சமும் இக்கணக்கிற் சேர வேண்டும். பயிர் பசளையை உண்பது சூரிய ஒளியின் அளவுக்கேற்பத்தான். எங்கள் ஒழுங்கைகளில் இருபுறமும் மாடி. இரண்டு மூன்று மணித்தியால வெயில் கிடைத்தாலே பெரிது. அறைக்குள் யன்னலோரம் இருக்கும் பயிருக்கு, முற்றத்து வெயிலில் நிற்கும் பயிருக்குக் கொடுப்பதில் பாதிகூடத் தேவையில்லை. மிளகாயும் தக்காளியும் ஐந்தாறு மணித்தியால வெயில் இல்லாமற் காய்க்க மாட்டா. எந்தப் பசளையாலும் அதை ஈடு செய்ய இயலாது. வெயில் குறைந்தவர்கள் கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, புதினா என்று இலைக்கறிகளோடு தொடங்குவதே புத்தி. வெளிச்சம் மிகக் குறைந்த அறையா? தட்டில் வெந்தயத்தையும் பயறையும் நெருக்கமாகத் தூவிப் பத்து நாளில் கீரையாக வெட்டுங்கள். அதற்குப் பசளையே வேண்டாம். அந்தப் பத்து நாளுக்குரிய உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது.

வாளிக்குள் எதை நிரப்புவது?

நிலத்து மண்ணை அள்ள வேண்டாம் என்றே சொல்வோம். களனி கங்கைக்கு அண்மையில் உள்ள இந்தத் தாழ்நிலங்களிற் பல, கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டி நிரப்பப்பட்டவை. சீமெந்துத் தூள் மண்ணைக் காரமாக்கும். அதைவிடப் பாரதூரமானது, வாகனத் திருத்துமிடங்களையும் பழைய பற்றறி உடைத்த இடங்களையும் சுற்றி இருக்கக்கூடிய ஈயம். அது கீரையோடு பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். குப்பை மேட்டு மண் கறுப்பாக, கூட்டெருப் போலவே தோன்றும். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மீதொட்டமுல்லை மேடு இங்கிருந்து தூரமில்லை. அத்தகைய இடத்து மண்ணில் என்ன கலந்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. 2016 மே வெள்ளம் போல ஒன்று வந்து வாளிகள் மூழ்கினால், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மலக்குழி நீர் கலந்த வெள்ளம் அது.

தும்புத்தூள் மலிவானது, பாரமற்றது, மாடிப்படியில் ஏற்றலாம். ஆனால் புதிய தும்புத்தூளில் உப்பும் சாயமும் இருக்கும். மூன்று தடவை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, வடிநீர் தெளிந்த பிறகே பயன்படுத்துங்கள். பழுத்துக் கபில நிறமானது புதியதைவிட மேலானது. பச்சைத் தும்புத்தூள் மக்கும்போது நைதரசனைத் தானே எடுத்துக் கொள்ளும், பயிர் வெளிறும். இரண்டு பங்கு தும்புத்தூளுக்கு ஒரு பங்கு நன்கு மக்கிய கூட்டெரு சேருங்கள். கூட்டெரு பசளை மட்டுமன்று. செம்மண் செய்து வந்த பொறுக்கும் வேலையை வாளிக்குள் ஓரளவு செய்வது அதுதான். பத்து லீற்றர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட்டையும் தூவிக் கலந்து விடுங்கள். தும்புத்தூள் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பிடித்து வைக்கும் இயல்புடையது, குழாய் நீரிலும் இவை குறைவு. இவ்விரண்டையும் டொலமைட்டு தரும், புளிப்பையும் அடக்கும். ஊரில் செம்பாட்டு மண்ணுக்கு டொலமைட்டுப் போடுவதாகச் சொன்னால் சிரித்திருப்பீர்கள். சுண்ணக்கல்லின் மேல் சுண்ணாம்பா என்று. இங்கு அது தேவை.

சாம்பலைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். விறகுச் சாம்பல் பொற்றாசியம் நிறைந்தது, ஆனால் கடுங்காரம். டொலமைட்டுப் போட்ட வாளிக்குச் சாம்பல் வேண்டாம். போடாத வாளிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி போதும். உமிக்கரியும் காரப்பக்கம் சாய்ந்தது. வடிகாலுக்காகச் சிறிது சேர்க்கலாம், அவ்வளவே. யூரியாவோடும் புதிய கோழி எருவோடும் சாம்பலைக் கலந்தால் நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்து விடும். மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் காசு.

ஊரில் பூவரசங் குழை தாழ்த்திய நினைவில் பச்சைக் குழையை வாளிக்குள் புதைப்பவர்களும் உண்டு. வாளிக்குள் அது அழுகிச் சூடேறும், நாறும். வேறாக மக்க வைத்துப் பிறகு போடுங்கள். பாத்திரம் கழுவிய சவர்க்கார நீரும் ஆகாது; அரிசி கழுவிய நீர் தீங்கில்லை.

எந்தப் பசளை?

யூரியா, மும்மைச் சுப்பர் பொசுபேற்று, பொட்டாசு ஆகிய மூன்றும் தோட்டத்துக்குப் போதுமாக இருந்தன. இரும்பு, மகனீசியம், நாகம் முதலியவற்றை மண்ணே தந்தது. ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பிய ஒரு விதி உண்டு: எது மிகக் குறைவோ, அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். தும்புத்தூள் வாளியில் இரும்பு குறைந்தால் யூரியா எவ்வளவு போட்டும் பயனில்லை. எனவே இங்கு எல்லாச் சத்தும் அடங்கிய, நீரில் கரையும் பசளை வேண்டும். இலங்கையில் மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு நெடுங்காலமாகப் பயன்படுவது ஆல்பர்ட் கரைசல் எனப்படும் கலவை. பொதியில் எழுதியுள்ள அளவில் பாதியை எடுத்து, கூட்டெருக் கலந்த வாளிக்கு வாரம் ஒரு தடவை ஊற்றுங்கள். நாற்றுக்குக் காற்பங்கு. பசளை நீரை முழு அளவு நீரிலேயே கலக்க வேண்டும். கல்சியப் பசளையையும் பொசுபேற்றையும் சிறிதளவு நீரில் கெட்டியாகக் கரைத்தால் இரண்டும் சேர்ந்து வெண்மையாய் அடியிற் படியும். படிந்தது பயிருக்கு உதவாது.

எப்பாவலைப் பொசுபேற்றை மலிவென்று வாங்குவோருக்கு ஒரு சொல். அது புளிப்பு மண்ணில் மெல்ல மெல்லக் கரைவது, தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிருக்கு உகந்தது. மூன்று மாதத்தில் முடியும் மிளகாய் வாளிக்கு அது வந்து சேர்வதற்குள் மிளகாயின் காலம் முடிந்து விடும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்ந்த பிறகும் விலை பல மடங்கானதை நாம் மறக்கவில்லை. ஆகவே கூட்டெருவை அடிப்படையாகவும் கரைசலைத் துணையாகவும் கொள்வதையே நாம் விரும்புகிறோம். கடையிற் பொதி இல்லாமற் போனாலும் வாளி நின்று விடாது.

பசளை தானும் பீ.எச்.சை மாற்றும். அமோனியம் உருவிலுள்ள நைதரசனை எடுக்கும் வேர் புளிப்பை வெளியே விடும். நைத்திரேற்று உருவில் எடுக்கும்போது காரப்பக்கம் நகர்த்தும். யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மட்டும் போட்டு வந்த வாளி நாளடைவில் புளித்துப் போவது இதனாலேயே. செம்பாட்டு மண்ணில் இது உங்கள் கண்ணிற் படவே இல்லை.

எப்படி அறிவது?

வாளிக்கு நீர் ஊற்றி, அடித்துவாரத்தால் வடிவதை ஒரு கோப்பையில் ஏந்துங்கள். வேர் குளித்த நீர் அது. அதைச் சோதித்தால் வேரின் நிலை தெரியும். பாடசாலை ஆய்வுகூடப் பொருட்கள் விற்கும் கடைகளில் நிறம் மாறும் சோதனைத் தாள் கிடைக்கும்; அலங்கார மீன் கடைகளிலும் சொட்டு மருந்து உண்டு. பாசிச்சாயத்தாள் புளிப்பா காரமா என்று மட்டுமே சொல்லும், இங்கு அது போதாது.

காசில்லாத வழி ஒன்றும் உண்டு. வேலியிற் படரும் நீலக் காக்கணம்பூ, சிங்களத்தில் கட்டரொலு என்பார்கள். பத்துப் பூவைச் சுடுநீரில் இட்டால் நீலச்சாறு வரும். சாம்பல் நீரிற் கலந்தால் பச்சையாகும், தேசிப்புளி பட்டால் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஆகும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகவும் இருக்கும். ஆனால் 5.5க்கும் 7க்கும் இடையே பூச்சாறு பெரிதாக நிறம் மாறாது. கடும் பிழையை மட்டுமே அது காட்டும். பச்சை கண்டால் சாம்பலையும் சுண்ணாம்பையும் நிறுத்தலாம்.

வடிநீர் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் எதுவும் செய்யாதீர்கள். 5க்குக் கீழே போனால் டொலமைட்டு ஒரு தேக்கரண்டி மேலே தூவி நீர் ஊற்றுங்கள். அது மெல்லவே வேலை செய்யும், இரண்டு வாரம் பொறுங்கள். 7க்கு மேலேறினால் சாம்பலை நிறுத்தி, ஊற்றும் நீரில் லீற்றருக்கு ஓரிரு துளி தேசிச்சாறு விட்டு மீண்டும் சோதியுங்கள். அது சில நாளைக்கே நிற்கும், நுண்ணுயிர்கள் தேசிப்புளியை உண்டு விடும். நாளுக்கு நாள் ஏற்றி இறக்குவதைவிடச் சற்றுப் பிழையான எண்ணில் நிலையாக இருப்பதைப் பயிர் விரும்பும்.

இலையையும் வாசியுங்கள்; இதில் உங்களை வெல்ல ஆளில்லை. அடியிலை முழுதும் வெளிறினால் நைதரசன். அடியிலையின் ஓரம் கருகினால் பொற்றாசியம், அல்லது உப்பு மிகுதி. அடியிலையில் நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் இருந்தால் மகனீசியம். அதே அடையாளம் குருத்தில் இருந்தால் இரும்பு. அப்போது இரும்பு வாங்க ஓடாமல் முதலில் வடிநீரின் பீ.எச்.சைப் பாருங்கள். தக்காளியின் அடி கறுத்தால் கல்சியம், பெரும்பாலும் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் வெள்ளமாகவும் நீர் விட்டதன் பலன்.

மாதம் ஒரு தடவை வாளியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு வெறும் நீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவுங்கள். வடிநீரைத் தட்டில் தேங்க விட வேண்டாம். 2017இல் நாடு முழுவதும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்தது, கொழும்பில் அது மிகக் கடுமை. ரெஜிபோம் பெட்டியில் நீரிலேயே கீரை வளர்ப்பவர்கள் மூடியின் ஒவ்வொரு இடைவெளியையும் நுளம்பு நுழையாதபடி அடைக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

காணி விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்புவோர் இக்குறிப்பை அங்கு கொண்டுபோய் அப்படியே செய்ய வேண்டாம். டொலமைட்டுப் பொதியை இங்கேயே யாருக்காவது கொடுத்து விடுங்கள். பல வருடம் பற்றை பிடித்துக் கிடந்த தறையில் முதலில் மண் மாதிரி எடுத்து விவசாயத் திணைக்களத்துக்குச் சோதனைக்குக் கொடுங்கள். கமநல சேவை நிலையத்தில் வழி கேட்கலாம். கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுங்கள், விட்டுப் போனபோது இருந்த நீர் இப்போது அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம்.